நுரையீரல் மிகை அழுத்தமும், எழுந்து நிற்கும்போது மூளைக்குச் செல்லும் ஆக்ஸிஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் நுரையீரல் மிகை அழுத்த நோயாளிகளும், அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மூச்சு வாங்குவதைப் பற்றி எல்லாரும் தயங்காமல் சொல்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவதைப் பற்றி, நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் அந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறது.

என் அப்பச்சிக்குக் கையில் பார்த்தால் பிரஷர் 110-தான் இருக்கிறது. எக்கோ பார்த்துவிட்டு "லங்ஸில் பிரஷர்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்று அல்ல. கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, இதயத்தின் இடப்பக்கத்திலிருந்து உடல் முழுவதற்கும் செல்லும் தமனிகளின் அழுத்தம். எக்கோ அறிக்கையில் வருவது, இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியின் அழுத்தத்தைப் பற்றிய மதிப்பீடு. அந்தத் தமனியின் சராசரி அழுத்தம், ஓய்வாகப் படுத்திருக்கும் நிலையில் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அதை நுரையீரல் மிகை அழுத்தம் என்கிறோம். நெடுங்காலம் இந்த எல்லை 25 ஆக இருந்தது. 2022-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை 20 என்று குறைத்தது. எக்கோ சந்தேகத்தை எழுப்பும். நோயை உறுதிசெய்வது, மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கத்துக்குள் செலுத்தி நேரடியாக அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை.

ஆகவே நுரையீரலில் அழுத்தம் மிகுந்த ஒருவருக்குக் கையில் அழுத்தம் சரியாகவோ குறைவாகவோ இருப்பதில் முரண் எதுவும் இல்லை. சொல்லப்போனால், கையில் அழுத்தம் குறைவாக இருப்பதே இந்நோயில் நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய நிலை.

காரணங்கள் பல. சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலால் சுருங்கிப்போன இதய வால்வு, பிறவியிலேயே இருந்து கண்டுபிடிக்கப்படாமல் போன இதய ஓட்டை, பல்லாண்டு விறகடுப்புப் புகையாலோ புகைப்பழக்கத்தாலோ கெட்டுப்போன நுரையீரல், நுரையீரல் தமனியில் கரையாமல் தங்கிவிட்ட ரத்தக்கட்டி, எந்தக் காரணமும் தெரியாமல் அந்த ரத்தக்குழாய்களே தடித்துச் சுருங்குவது என்று பட்டியல் நீளும். கீழே வரும் விளக்கங்கள் எல்லா வகைக்கும் ஓரளவு பொருந்தினாலும், ரத்தக்குழாய்களே சுருங்கிய வகைக்கு முழுமையாகப் பொருந்தும்.

எழுந்து நின்றால் மூளைக்கு ஆக்ஸிஜன் ஏன் குறைய வேண்டும்?

நாம் எழுந்து நின்ற சில விநாடிகளுக்குள் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையிலான ரத்தம் கால்களின் சிரைகளுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அது வெளித்தள்ளும் ரத்தமும் குறைகிறது. இத்துடன், நிற்கும்போது தலை இதயத்தைவிட ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் இருப்பதால், அங்கே போய்ச் சேரும் அழுத்தம் இதய மட்டத்தில் இருப்பதைவிட 22 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஆரோக்கியமான உடல் இதைப் பொருட்படுத்துவதில்லை. கழுத்துத் தமனியில் உள்ள உணர்நரம்புகள் அழுத்தம் இறங்குவதைக் கண்டதும் இதயத்துடிப்பைக் கூட்டி, கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சில விநாடிகளில் கணக்கைச் சரிசெய்துவிடுகின்றன. மூளையின் ரத்தக்குழாய்களும் தங்கள் பங்குக்கு விரிந்துகொடுக்கின்றன.

மூளைக்கு இவ்வளவு காவல் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான் மூளை; ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மி.லி. ரத்தம் அதற்கு வேண்டும். மூளையால் ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்க முடியாது. ஓட்டம் முழுமையாக நின்றுபோனால் 6 முதல் 8 விநாடிகளில் நினைவு தப்பிவிடும்.

இப்போது நோயாளியின் உடலுக்கு வருவோம். இதயத்தின் இடப்பக்கம் தன் விருப்பத்துக்கு ரத்தத்தை அனுப்ப முடியாது. நுரையீரலைக் கடந்து வலப்பக்கம் அனுப்பிவைப்பதை மட்டுமே அது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பகிர்ந்தளிக்க முடியும். கிணற்று மோட்டார் குறைவாக இறைத்தால், மாடித் தொட்டியில் குறை ஏதும் இல்லாவிட்டாலும் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். சுருங்கிய நுரையீரல் தமனிகளை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலப்பக்கக் கீழறை வீங்கிவிடுகிறது. வீங்கியது நடுச்சுவரை இடப்பக்கமாக அழுத்தி, இடக்கீழறை நிரம்புவதற்கான இடத்தையும் குறைத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிவரும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருப்பவர் எழுந்து நிற்கும்போது, கால்களுக்கு இறங்கும் அரை லிட்டரை ஈடுகட்ட அவருடைய இதயத்திடம் இருக்கும் ஒரே வழி வேகமாகத் துடிப்பதுதான். பலருக்கு அது படுத்திருக்கும்போதே வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கும் என்பதால், மேலும் கூட்டுவதற்கு அதிக இடம் இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எக்கோவும் குழாய்ப் பரிசோதனையும் பெரும்பாலும் படுத்த நிலையிலேயே செய்யப்படுகின்றன. நோயாளி வாழ்வதோ நின்றும் நடந்தும். படுத்திருக்கையில் ஓரளவு நன்றாக இருக்கும் அறிக்கை, அவர் அடுப்படியில் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லாது.

விரலில் மாட்டும் கருவியில் 95 காட்டுகிறது. ஆக்ஸிஜன் சரியாக இருக்கும்போது ஏன் கண் இருட்டுகிறது?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு விரல் கருவி இருக்கிறது. அதில் வரும் எண்ணை உடல் முழுவதற்குமான நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது.

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தமனி ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது. ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் மூளையை அடைகிறது என்பதையும் சொல்லாது. மூளைக்குப் போய்ச் சேரும் ஆக்ஸிஜன் இந்த மூன்றையும் பெருக்கி வருவது. மூன்றில் ஒன்று சரிந்தாலும் பெருக்கல் சரியும். எழுந்து நிற்கும்போது இந்நோயாளிகளில் பெரும்பாலாருக்குச் சரிவது ரத்த ஓட்டம். அதனால் விரலில் 95 மாறாமல் இருக்க, நெற்றிக்குப் பின்னால் வறட்சி ஏற்படலாம்.

ஹீமோகுளோபினை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 கிராம் உள்ள ஒருவருக்கு விரலில் 88 காட்டினாலும், அவருடைய ஒவ்வொரு 100 மி.லி. ரத்தத்திலும் 16.5 மி.லி. ஆக்ஸிஜன் இருக்கும். ஹீமோகுளோபின் 8 மட்டுமே உள்ள ஒருவருக்கு விரலில் 95 காட்டினாலும் இருப்பது 10.2 மி.லி.தான். கருவியைப் பார்த்து நாம் பயப்படுவது முன்னவருக்காக. மூளைக்குக் குறைவாகக் கிடைப்பது பின்னவருக்கு. நம் பெண்களிடம் ரத்தசோகை மிகுதியாக இருப்பதால், மயக்கம் என்று வரும் ஒவ்வொருவருக்கும் ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பிறவி ஓட்டையால் உடல் நீலம் பாரித்த நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 18, 20 என்று ஏறியிருக்கும். அவர்களுக்கும் உள்ளே இரும்புச்சத்துக் குறைபாடு ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், எண் உயரமாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

கருவியின் வரம்புகளையும் அறிந்துகொள்வது நல்லது. கருநிறத் தோலில் அது உண்மையைவிடச் சில புள்ளிகள் கூட்டிக் காட்டக்கூடும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகச்சாயமோ கருமையேறிய மருதாணியோ இருந்தாலும் அளவு பிசகலாம்.

அப்படியானால் மூளையில் உள்ள ஆக்ஸிஜனைத் தனியாக அளக்க முடியுமா?

முடியும். நெற்றியில் ஒட்டும் சிறு பட்டை ஒன்று, 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை மண்டையோட்டின் வழியே செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு மூளைத் திசுவின் ஆக்ஸிஜன் அளவைக் கணிக்கிறது. உயிருள்ள மூளையில் இப்படி அளக்கலாம் என்பதை 1977-இல் பிரான்ஸ் ஜோப்சிஸ் என்ற அறிவியலாளர் காட்டினார். இன்று பெரிய இதய அறுவை அரங்குகளில் இது வழக்கமான கருவி.

இதில் வரும் எண்ணை விரல் கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அந்த ஒளி தமனி, நுண்குழாய், சிரை மூன்றையும் கடந்து வருவதாலும், அவற்றில் சிரை ரத்தமே பெரும்பங்கு என்பதாலும், ஆரோக்கியமானவருக்கே 60 முதல் 75 வரைதான் காட்டும். எண்ணைவிட அதன் போக்கே முக்கியம்: படுத்திருந்தபோது எவ்வளவு, நின்றபின் எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்நோயாளிகளை மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து இப்படி அளந்திருக்கிறார்கள். ஆக்ஸிஜன் செறிந்த காற்றைச் சுவாசித்தபோது மூளைத் திசுவின் அளவு உயர்ந்தது. அவர்களால் கூடுதல் நேரம் மிதிக்கவும் முடிந்தது.

வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம். நெற்றித் தோலின் ரத்த ஓட்டமே அந்த எண்ணைக் குழப்பக்கூடும். பொருள் கொள்ளத் தெரிந்தவர் அருகில் இல்லாவிட்டால் வீண் கவலைதான் மிஞ்சும். அந்தப் பணத்தில் மேற்கையில் கட்டும் நல்ல ரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

எழுந்ததும் மூச்சு வாங்குகிறது. வேகமாக மூச்சு விட்டால் தலை இன்னும் கிறுகிறுக்கிறது. காற்று அதிகமாகத்தானே உள்ளே போகிறது?

காற்று அதிகமாகப் போகிறது. கரியமில வாயுவும் அதிகமாக வெளியேறுகிறது. சிக்கல் அங்கேதான். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். கரியமில வாயுவின் அழுத்தம் ஒரு மி.மீ. குறையும்போது மூளையின் ரத்த ஓட்டம் 3 முதல் 4 விழுக்காடு குறைகிறது. நுரையீரல் ரத்தக்குழாய் நோயாளிகள் ஓய்விலேயே சற்று வேகமாக மூச்சு விடுபவர்கள் என்பதால், இவர்களுடைய மூளைக் குழாய்கள் ஏற்கெனவே ஓரளவு சுருங்கியிருக்கும். எழுந்த பதற்றத்தில் இன்னும் வேகமாக இழுத்தால் கூடுதலாகச் சுருங்கும். எழுந்து நின்றவுடன் எதையாவது பற்றிக்கொண்டு, உதட்டைக் குவித்து நிதானமாக மூச்சை வெளிவிடுங்கள்.

எழுந்து நின்றால் விரல் கருவியிலேயே 94-இலிருந்து 85-க்கு இறங்குகிறது, படுத்தால் ஏறிவிடுகிறது.

இது மேலே சொன்னதிலிருந்து வேறுபட்டது; இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு இதய மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்து மூடாமல் நின்றுபோன சிறு திறப்பு இருக்கிறது. சாதாரணமாக அதனால் தொல்லை இல்லை. வலப்பக்க அழுத்தம் மிகுந்தவர்களுக்கு, நுரையீரலுக்குப் போகாத கெட்ட ரத்தம் அதன் வழியே நேராக இடப்பக்கம் கலந்துவிடலாம். சிலருக்கு நிற்கும்போது இந்தக் கலப்பு மிகுகிறது. கல்லீரல் நோய் முற்றியவர்களுக்கும் நிற்கும்போது ஆக்ஸிஜன் இறங்குவதுண்டு. படுத்தும் நின்றும் எடுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டு இதய மருத்துவரிடம் காட்டினால், கைச் சிரையில் நுரைத்த உப்புநீரைச் செலுத்தி எக்கோ எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியும்.

வீட்டில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

காலையில் மாத்திரைக்கு முன் ஒரு முறையும், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்ப்பது பயன்தரும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருந்து, ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். மேசை மீதோ மற்றொருவர் தோள் மீதோ முன்கையை வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய இறக்கம். எண் இறங்காமலேயே கண் இருட்டினாலும் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் முதல் பதினைந்து விநாடிகளில் இறங்கி ஏறிவிடும் அழுத்தத்தை இந்தக் கருவியால் பிடிக்க முடியாது. தேதி, நேரம், படுத்த அளவு, நின்ற அளவு, அப்போது என்ன உணர்ந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வருபவர்களின் சிகிச்சையை மாற்றியமைப்பது எங்களுக்கும் எளிதாகிறது.

"லோ பிரஷர்தான், உப்புப் போட்டுத் தண்ணீர் குடி" என்கிறார்கள். செய்யலாமா?

மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கும் இந்த யோசனை உங்களுக்குக் கெடுதல் செய்யக்கூடும். வலப்பக்க இதயம் ஏற்கெனவே வீங்கியிருப்பவருக்குக் கூடுதல் உப்பும் நீரும் போனால், அந்த அறை மேலும் புடைத்து இடப்பக்கத்தை நெருக்கும், கால் வீங்கும், வெளித்தள்ளும் ரத்தம் கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யும். மறுபக்கம், நீர் மாத்திரை அதிகமாகி உடல் வற்றிப்போனவருக்கும் எழுந்தால் மயக்கம் வரும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும் வாரங்களிலும், வயிற்றுப்போக்கு வந்த நாட்களிலும் இதைக் காண்கிறோம். ஒரே அறிகுறி, நேரெதிரான இரண்டு காரணங்கள். எது என்பதைக் கழுத்துச் சிரை, கால் வீக்கம், தினசரி எடை, ரத்தத்தில் உப்பு அளவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள்: இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் தொலைபேசியில் சொல்லுங்கள். உப்புக்கண்டம், வற்றல், ஊறுகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் உப்புதான்.

மயக்கம் மாத்திரையால் வருகிறதா? நிறுத்திப் பார்க்கலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. சில்டெனாபில், தடாலாபில், போசென்டான், ஆம்பிரிசென்டான், மாசிடென்டான், ரியோசிகுவாட் போன்றவை நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதற்காகத் தரப்படுகின்றன. உடலின் மற்றக் குழாய்களும் கொஞ்சம் தளர்வதால் தொடக்க வாரங்களில் கிறுகிறுப்பு இருக்கலாம். ஆனால் அதே மருந்து இதயத்திலிருந்து வரும் ரத்தத்தைக் கூட்டுவதால், போகப்போக மயக்கத்தைக் குறைக்கவும் செய்கிறது. திடீரென்று நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சுவலி என்றால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். அக்கம்பக்கத்தில் யாருக்காவது நெஞ்சை அடைத்தால் அன்போடு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சில்டெனாபில், தடாலாபில், ரியோசிகுவாட் ஆகியவற்றில் எதைச் சாப்பிடுபவரும் அந்த நைட்ரேட் மாத்திரையை வைத்துக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் உள்ளவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சில்டெனாபிலையும் ரியோசிகுவாட்டையும் சேர்த்துச் சாப்பிடுவதும் கூடாது. சிறுநீர் தடையின்றிப் போவதற்காக வயதான ஆண்களுக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் எழும்போது அழுத்தத்தை இறக்கும் என்பதால், எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அன்றாடப் பழக்கங்களில் எதை மாற்ற வேண்டும்?

இதற்குப் பொதுவான அறிவுரைத் தாள்களில் வரும் பதில் நம் வீடுகளுக்கு முழுவதும் பொருந்தாது. நாற்காலியிலிருந்து எழுவதைப் பற்றி அவை பேசுகின்றன. நாமோ நாள் முழுவதும் தரையிலிருந்து எழுகிறோம்.

விசேஷ வீட்டில் பந்தியில் தரையில் அமர்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று எழுவது, மூன்று சுமைகளை ஒன்றாக்குகிறது. உணவு செரிக்கக் குடலுக்கு ரத்தம் போயிருக்கும். மடங்கியிருந்த கால்கள் விரிந்ததும் அங்கே ரத்தம் இறங்கும். எழுவதற்கே உந்த வேண்டியிருக்கும். இவர்களுக்கு மேசையில் இலை போடுங்கள். குறைவாக, பல தடவையாகச் சாப்பிடச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் விழுந்து கும்பிட்டுக்கொள்வது நம் வழக்கம். தலை தாழ்ந்து, உடனே முழு உயரத்துக்கு நிமிரும் அந்த அசைவு இவர்களுக்குக் கடினமானது. திருமண வீட்டில் வரிசையாக இருபது பேரிடம் விழுந்து எழுந்த புதுமருமகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது நாணத்தால் என்று எண்ணிவிட வேண்டாம். இந்நோய் இளம்பெண்களுக்கும் வரும். நின்றபடி கைகூப்பினால் எந்தப் பெரியவரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். காரணத்தை முன்கூட்டியே வீட்டார் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் நாளில் தோலின் ரத்தக்குழாய்கள் எல்லாம் விரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரே போதும். முக்காலியில் அமர்ந்து குளிக்க வேண்டும். கதவைத் தாழிட வேண்டாம். குத்துக்காலிட்டு அமரும் கழிப்பறையில் இருந்து எழுவதும், அங்கே மூச்சைப் பிடித்து முக்குவதும் மயங்கி விழுவதற்கான முக்கியக் காரணங்கள். மூச்சைப் பிடித்து முக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அறவே குறைகிறது. மேற்கத்திய இருக்கை ஒன்றும், மலச்சிக்கல் வராத உணவும் இதற்குத் தீர்வு.

படுக்கையிலிருந்து எழும்போது, கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்து, பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு கட்டிலைப் பிடித்தபடி நின்று, கிறுகிறுப்பு இல்லை என்று தெரிந்த பின் முதல் அடி வைக்க வேண்டும். இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். முகப்பிலிருந்து வளவுக்குள் நுழையும் உயர்ந்த வாசற்படிகளில் கைப்பிடி பொருத்திக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அழகானது, கடினமானது; ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர் அதில் தலை மோத விழுந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் மூளைக்குள் கசிவு ஏற்பட்டிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் இருக்கிறது. எழுந்து நடக்கும்போது கூட்டி வைத்துக்கொள்ளலாமா?

ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்கு அது நுரையீரல் குழாய்களையும் ஓரளவு தளர்த்துவதால் இரட்டைப் பயன் உண்டு. ஆனால் ஓட்டம் குறைவதால் வரும் மயக்கத்தை இயந்திரம் மட்டும் சரிசெய்துவிடாது. நாள்பட்ட சளிநோய், புகைநோய் உள்ளவர்கள் தாமாகக் கூட்டினால் உடலில் கரியமில வாயு தேங்கி மந்தமாகிவிடலாம். மருத்துவர் குறித்துத் தந்த அளவிலேயே வையுங்கள். நடக்கும்போது வேறு அளவு வேண்டுமா என்பதை ஆறு நிமிட நடைச் சோதனையில் பார்த்துச் சொல்வார்கள். மூக்கில் குழாயுடன் சாமி விளக்கின் அருகேயோ அடுப்பின் அருகேயோ போகக் கூடாது. ஆக்ஸிஜன் நனைந்த துணி நொடியில் பற்றிக்கொள்ளும்.

ஆயாவுக்கு மறதி வருகிறது. இதனாலா?

இருக்கலாம். இந்நோயாளிகளில் சிலருக்கு நினைவாற்றலும் கவனமும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவற்றைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஆக்ஸிஜன் தலையில் கட்ட வேண்டாம்.

பிள்ளையார் நோன்பு, சஷ்டி விரதம், பழனி நடைப்பயணம்?

பட்டினியும் நீர் மாத்திரையும் சேரக் கூடாது. நீரும் அருந்தாத விரதம் வேண்டாம். பால், பழத்துடன் இருப்பதாயின் மாத்திரைகளின் வேளையை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம். காவடியுடன் நடந்து பழனிக்குப் போவது இந்நோயில் இயலாத காரியம். வழியில் நடந்துவருவோருக்கு உணவு தரும் இடத்தில் அமர்ந்து உதவி செய்பவர்கள் இருக்கிறார்கள். குன்றக்குடி போன்ற படியேறும் கோயில்களில், ஏறும்போது மூச்சு வாங்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். ஏறி முடித்து அசையாமல் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் மயக்கம் வருகிறது. நடக்கும்வரை கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன; நின்றதும் அது நின்றுவிடுகிறது. சன்னிதி வரிசையிலும் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே இருங்கள்.

மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது?

விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதைத்தான் செய்யக் கூடாது. நிமிர்த்தினால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். தரையிலேயே சமமாகப் படுக்கவைத்து, கால்களைத் தலையணை மீது உயர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நினைவு திரும்பியபின் படுத்திருக்க மூச்சு முட்டினால் மெல்லத் தலைப்பக்கத்தை உயர்த்தலாம்.

ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். நுரையீரல் மிகை அழுத்தம் உள்ளவர் நினைவு தப்பி விழுவது, நோயின் தீவிரத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று. எப்போதோ ஒரு முறை என்றால் நடுத்தர ஆபத்து. மீண்டும் மீண்டும் என்றால் உயர் ஆபத்து. மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

கோடையில் கொடைக்கானல் போகலாமா? விமானத்தில் மகனிடம் போகலாமா?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறையும்போது நுரையீரல் தமனிகள் மேலும் சுருங்கும். மூச்சு வேகமாகி மூளைக் குழாய்களும் சுருங்கும். கூடுதல் ஆக்ஸிஜன் ஏற்பாடு இல்லாமல் 1,500 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. பறக்கும் விமானத்தின் உட்பகுதியும் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைக்குச் சமமானது. அதனால் விமானப் பயணம் கூடாது என்பதில்லை; பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, விமானத்தில் ஆக்ஸிஜன் தேவையா என்று முடிவுசெய்து, தேவையெனில் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். விமானம் நின்றதும் எல்லாரோடும் சேர்ந்து எழாமல், கணுக்காலை அசைத்தபடி அமர்ந்திருந்து, கூட்டம் இறங்கிய பின் எழுங்கள்.